சென்னையில் ஓர் உளவு நாவல்: எழுத உட்காரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இப்போது வரும் உளவு த்ரில்லர்களில் முதல் நூறு பக்கம் பறக்கும், அதற்கப்புறம் கை தானாக மொபைலைத் தேட ஆரம்பித்துவிடும். என்னைக் கேட்டால் காரணம் ஒன்றுதான், அதற்குள் ஹீரோவால் எல்லாமே முடியும் என்று ஆகியிருக்கும். எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறவரை நம்பலாமா கூடாதா என்ற தவிப்புக்காகவும், வெளியே தெரியாத ஒரு தொழிலுக்குள் எட்டிப் பார்க்கும் ஆசைக்காகவும்தானே இந்தக் கதைகளைத் தேடிப் படிக்கிறோம். ஹீரோ கையில் அதிகாரத்தையும் சாட்டிலைட்டையும் அள்ளிக் கொடுத்தால் இரண்டுமே போச்சு.

தமிழில் அதிகம் கண்ணில் படுவது, ரா அதிகாரி சென்ட்ரல் ஸ்டேஷனில் துப்பாக்கியை நீட்டி ஒருவனைக் கைது செய்யும் காட்சி. ரா 1968-ல் ஐ.பி. என்ற மத்திய உளவுத்துறையிலிருந்து பிரித்து வெளிநாட்டு உளவுக்கென்றே உருவாக்கப்பட்டது, உள்நாடு ஐ.பி.யின் வேலை, கைது செய்யும் அதிகாரம் இரண்டு பேருக்குமே கிடையாது. கைவிலங்கு வேண்டுமென்றால் போலீஸ் வர வேண்டும். தமிழ்நாட்டில் இந்த மாதிரி விவகாரம் மாநில போலீஸின் தனிப் பிரிவான கியூ பிராஞ்சுக்குப் போகும், பயங்கரவாத வழக்கென்றால் 2008-ல் வந்த என்.ஐ.ஏ.வும் (தேசியப் புலனாய்வு முகமை) நுழையலாம். இதை ஏன் மறைக்கிறீர்கள்? டெல்லியிலிருந்து இறங்கியவர் பாதி விஷயத்தை விழுங்கிக்கொண்டு உதவி கேட்கிறார், அந்த ஏரியாவில் பழம் தின்று கொட்டை போட்ட இன்ஸ்பெக்டர் "எதுக்கு சார்?" என்று மட்டும் கேட்கிறார். ஒரு அத்தியாயமே இருக்கிறது அங்கே.

அடுத்தது, மாட்டிக்கொண்ட வெளிநாட்டு உளவாளி, கைதும் வழக்கும் தன்னைத் தொடாது என்ற 'தூதரகப் பாதுகாப்பு'ச் சலுகையைச் சொல்லிவிட்டு சிரித்தபடி விமானம் ஏறுவது. டெல்லியில் நடந்தால் சரி. சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள். ஜெமினி பாலத்தடியில் அமெரிக்காவுடையது, சாந்தோமில் ரஷ்யாவுடையது, நுங்கம்பாக்கத்தில் இலங்கையுடையது. தூதரகங்களுக்கு 1961 வியன்னா ஒப்பந்தம், இவற்றுக்கு 1963 ஒப்பந்தம். இந்த இரண்டாவதில் விலக்கு பொதுவாக அலுவல் ரீதியான செயல்களுக்கு மட்டும்தான், கடுமையான குற்றமென்றால் நீதிமன்ற உத்தரவோடு கைது செய்ய இடமுண்டு. அப்படியானால் அந்த ஆள் ஈ.சி.ஆர். ரிசார்ட்டில் கவர் வாங்கியது அலுவலா இல்லையா? வக்கீலும் வெளியுறவு அமைச்சகமும் போனில் மோதிக்கொண்டிருக்க, நேரம் ஓடும். துப்பாக்கிச் சண்டையை விட இதில் எனக்குப் பதற்றம் அதிகம்.

தொழில்நுட்பம். வண்டி நம்பர் பிளேட் வரை ஜூம் செய்து வீதி வீதியாகத் தொடரும் சாட்டிலைட்டை தயவுசெய்து விட்டுவிடுங்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் உளவு செயற்கைக்கோள் சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும், ஓர் ஊர் அதன் கண்ணில் சில நிமிடங்கள்தான் இருக்கும். ஒரே இடத்துக்கு மேலே நிற்பது போலத் தெரிவது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கிருந்து ஆள் தெரியாது. போன் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க "இன்னும் 30 செகண்ட் பேச்சை இழு" என்பது பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்துக் கதை. இன்று இணைப்பு கிடைத்தவுடனே எந்த டவர் என்று பதிவாகிவிடும். பேச்சை ஒட்டுக்கேட்பதுதான் கஷ்டம், அவசர நேரம் தவிர உள்துறைச் செயலாளர் மட்டத்தில் அனுமதி வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போயிருந்தால்? சைலன்சரும் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான், பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

துரோகியை எழுதுவதில்தான் பெரிய சறுக்கல். காட்டிக்கொடுப்பவன் எப்போதும் திருட்டு முழியோடு வருகிறான், அல்லது ஒரு அழகி வந்து ஒரே இரவில் அவனைக் கவிழ்த்துவிடுகிறாள். அமெரிக்காவில் ஆல்ட்ரிச் ஏம்ஸ் சி.ஐ.ஏ.வுக்குள் உட்கார்ந்துகொண்டே 1985 முதல் சோவியத்துக்கு ரகசியம் விற்றார், பணத்துக்காக. 5,40,000 டாலர் ரொக்கம் கொடுத்து வீடு வாங்கினார், பொய் கண்டறியும் சோதனையில் இரண்டு முறை தேறினார். 1994-ல்தான் பிடிபட்டார். அவரை நோக்கி வழிகாட்டிய முக்கியமான தடயம் எது தெரியுமா? சோவியத் அதிகாரியோடு அவர் மதிய உணவு சாப்பிட்ட தேதிகளையும், வங்கியில் பணம் போட்ட தேதிகளையும் சக ஊழியர் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஃபைல் புரட்டும் காட்சியை போரடிக்கும் என்று ஓரம்கட்டாதீர்கள். நம் ஊரிலும் ஆளில்லாமல் இல்லை, சென்னையில் பணியாற்றிய ரா அதிகாரி ஒருவரே அமெரிக்காவுக்குத் தகவல் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டு 1987-ல் கைதானார். இலங்கை விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தக் காலத்துச் சென்னையை விட்டுவிட்டு இஸ்தான்புல்லுக்கு ஏன் டிக்கெட் போடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் தெரு. மந்தைவெளிச் சந்தில் காரை நிறுத்தி மூன்று மணி நேரம் ஒரு வீட்டைக் கண்காணித்ததாக எழுதுகிறார்கள், நடக்கிற காரியமா? கால் மணி நேரத்தில் இஸ்திரி வண்டிக்காரர் முறைப்பார், வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டி "யார் வீட்டுக்கு சார்?" என்பார், மாடி மாமி வண்டி நம்பரை வாட்ஸப் குரூப்பில் போட்டிருப்பார். இங்கே கண்ணில் படாமல் நிற்க சாலையைத் தோண்டுகிற ஆளாக வர வேண்டும், எத்தனை நாள் ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மாலை ஆறரைக்கு கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூர் வரை பத்து நிமிடக் கார் துரத்தல் எழுதுகிறவரை ஒருமுறை அந்த நேரத்தில் ஓ.எம்.ஆரில் பஸ் ஏற்றிவிட வேண்டும். துரத்துகிறவனும் ஓடுகிறவனும் ஒரே சிக்னலில் நாலு வண்டி இடைவெளியில் மாட்டிக்கொண்டு, இறங்கி ஓடலாமா என்று யோசிப்பதைத்தான் நான் படிக்க விரும்புவேன்.

கடைசி அத்தியாயத்தில் ஹீரோவை நாற்காலியில் கட்டிப்போட்டு வில்லன் முழுத் திட்டத்தையும் விளக்குவார், எட்டுப் பக்கத்துக்கு. அதை வெட்டுங்கள். வெட்டினால் கதை புரியவில்லையென்றால், அவர் சொல்வதையெல்லாம் வாசகர் தானே கண்டுபிடிக்கும்படி முன்னாலேயே, அந்த மதிய உணவுத் தேதிகளைப் போல, அங்கங்கே போட்டு வையுங்கள்.