ஹோம்ல இருக்கிற பெரியவங்களை சுத்தமா பாத்துக்கறாங்களான்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

நம்ம நார்த் மெட்ராஸ் பக்கம், தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர்னு எங்க பாத்தாலும் சின்னச் சின்ன முதியோர் ஹோம் இருக்கு. பெரிய கேம்பஸ் எல்லாம் கிடையாது, ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து கட்டில் போட்டிருப்பாங்க. வீட்ல பாத்துக்க ஆள் இல்லாதவங்க அங்க விடறாங்க, அதுல தப்பு எதுவும் இல்ல. ஆனா விட்டதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை போய் ஹால்ல உக்காந்து பவுடர் போட்ட முகத்தை பாத்துட்டு, ரெண்டு ஆப்பிள் குடுத்துட்டு வந்தா ஒண்ணும் தெரியாது. அழுக்கு முகத்துல இருக்காது, மடிப்புலயும் முதுகுலயும்தான் இருக்கும். அதை எப்படி பாக்குறதுன்னு முதல் தடவை பாக்குறவங்களுக்காக எழுதறேன். நான் நர்ஸ் இல்ல, எங்க பெரியம்மா ஹோம்ல இருந்தப்போ போய் வந்து கத்துக்கிட்டதுதான்.

முதல் ஸ்டெப்: நேரம் மாத்தி போங்க

சொல்லிட்டு போனா தலை வாரி நைட்டி மாத்தி ரெடியா உக்கார வச்சிருப்பாங்க. ஒரு நாள் காலையில போங்க, ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு போங்க, நடுவுல வார நாள் ஒண்ணு. விசிட்டர் டைம்னு ஹோம்ல ஒரு ரூல் இருக்கும், அதுக்குள்ளயே மாத்தி மாத்தி போகலாம். எந்த நேரத்துக்கு கேட்டாலும் "இப்ப வேணாம்மா, குளிக்க வச்சிட்டிருக்கோம்"னு வாசல்லயே நிக்க வச்சாங்கன்னா அதையும் குறிச்சு வச்சுக்கங்க.

ரெண்டாவது: மூக்கு

உள்ள போனதும் பினாயில் குப்புன்னு அடிச்சா சுத்தமா இருக்குன்னு நினைச்சுடாதீங்க, தரை மட்டும்தான் கழுவிருப்பாங்க. கட்டில் கிட்ட போய் பெட்ஷீட்டை லேசா தூக்கி ரப்பர் ஷீட்டுக்கு கீழ மெத்தையை கையால அழுத்திப் பாருங்க. யாரோ இப்பதான் யூரின் போயிருந்தா அந்த வாசனை வேற, அது எந்த வீட்லயும் வரும். மெத்தைக்குள்ள ஊறி கண்ணு எரியற மாதிரி வருது பாருங்க, அது ஒரு நாள் விட்டதால வர்றது இல்ல.

மூணாவது: தலையில இருந்து கால் வரைக்கும்

வெறுமனே பரிசோதனை பண்ற மாதிரி பண்ணாதீங்க, அவங்களுக்கு கூச்சமா இருக்கும். எண்ணெய் தேச்சு விடறேன், நகம் வெட்டி விடறேன்னு சொல்லி உக்காந்தா எல்லாமே தெரிஞ்சுடும். தலையில சிக்கு பிடிச்சு கட்டியா இருக்கா, பேன் ஈறு இருக்கா, காதுக்கு பின்னாடி பிசுக்கா அழுக்கு திரளுதா பாருங்க. நகக்கண்ணுல கறுப்பா இருந்தா ஒரு நாள் விஷயமா இருக்கலாம், ஆனா கால் நகம் நீளமா வளந்து வளைஞ்சு சதைக்குள்ள இறங்கியிருந்தா மாசக்கணக்குல யாரும் தொடாம விட்டிருக்கலாம்.

வாய் ரொம்ப முக்கியம், எல்லாரும் விட்டுடுவாங்க. பல்செட் போடறவங்கன்னா ராத்திரி கழட்டி தண்ணியில போடறாங்களான்னு கேளுங்க. நாக்குல வெள்ளையா தயிர் மாதிரி படிஞ்சிருந்தா பூஞ்சையா இருக்கலாம், டாக்டர் பாக்கணும். பக்கவாதம் வந்தவங்களுக்கு மரத்துப்போன பக்கத்து கன்னத்துக்குள்ள சோறு அப்படியே தங்கிடும், அவங்களுக்கே தெரியாது, வாய் சுத்தமா இல்லன்னா அது நிமோனியா வரைக்கும் கொண்டு போய் விடும்.

அப்புறம் மடிப்பு. அக்குள், மாருக்கு அடியில, தொடை இடுக்கு, கால் விரல் சந்து. சித்திரை வெயில்ல வேர்வை, ஐப்பசி கார்த்திகை மழையில துணி காயாம ஈரத்தோட மாட்டி விடறது, ரெண்டுமே இந்த இடத்துலதான் செவந்து வெடிப்பா வரும். சுகர் இருக்கறவங்களுக்கு கால்ல புண்ணு வந்தா உணர்ச்சியே இல்லாம போகலாம், அதனால விரல் சந்தை விரிச்சே பாருங்க. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்புன்னு குட்டிக் குட்டியா பொரிப்பொரியா இருந்து ராத்திரியில அரிப்பு ஜாஸ்தின்னா சிரங்கா இருக்க வாய்ப்பு உண்டு. முதல் தடவை வர்றவங்களுக்கு ஒட்டிக்கிட்ட 4 முதல் 6 வாரம் கழிச்சுதான் அரிப்பே ஆரம்பிக்கும், அதனால உங்க ஆளுக்கு மட்டும் மருந்து போட்டா போகாது, அந்த ரூம்ல இருக்கறவங்க, ஆயாம்மா எல்லாரும் ஒரே நேரத்துல போடணும், துணி பெட்ஷீட்டையும் சுடுதண்ணியில அலசணும். ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்கின் ஓபி இருக்கு, கூட்டிட்டு போய் காட்டிடுங்க.

முதுகும் குதிகாலும் (வேற எதை விட்டாலும் இதை விடாதீங்க)

படுத்தே இருக்கறவங்களுக்கு எலும்பு துருத்தற இடத்துலதான் படுக்கைப்புண் வரும். முதுகெலும்பு முடியற இடம், இடுப்பு எலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை. செவந்த இடத்தை விரலால அழுத்தி எடுங்க, வெளுத்துட்டு திரும்ப செவந்தா பரவால்ல, அழுத்தியும் வெளுக்கலன்னா புண்ணு ஆரம்பிச்சிடுச்சு. நம்ம மாநிறம் கறுப்புத் தோலுக்கு செவப்பு சரியா தெரியாது, ஊதா மாதிரியோ இன்னும் கறுத்தோ தெரியும், அதனால தொட்டுப் பாருங்க, சுத்தியிருக்கற இடத்தை விட சூடா, கெட்டியா, இல்ல கொழகொழன்னு இருக்கா. அந்த இடத்தை தேய்ச்சு விடாதீங்க, நல்லதுன்னு நினைச்சு மசாஜ் பண்றாங்க, அது உள்ள இருக்கற சதையை இன்னும் கெடுக்கும். சாதாரணமா 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்வாங்க, ராத்திரியில எத்தனை பேர் டூட்டின்னு கேட்டீங்கன்னா அது நடக்குதா இல்லையான்னு கணக்கு நமக்கே புரிஞ்சிடும்.

யூரின் டியூப் போட்டிருந்தா பேக் இடுப்புக்கு கீழ தொங்கணும், ஆனா தரையில படக்கூடாது. நேத்து வரைக்கும் நல்லா பேசினவங்க திடீர்னு சம்பந்தம் இல்லாம பேசினா வயசுன்னு விட்டுடாதீங்க, யூரின் இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் அப்படி ஆகும். உதடு நாக்கு காஞ்சு யூரின் கரும்மஞ்சளா போனா, டயப்பர் அடிக்கடி மாத்தணுமேன்னு தண்ணியை குறைச்சு குடுக்கறாங்களான்னு சந்தேகப்படுங்க.

சாமான் கணக்கு

எனக்கு ரொம்ப உதவுனது இதுதான். பெரியம்மாவுக்கு வாங்கிக் குடுத்த ஹமாம் சோப்பை எடுத்துப் பாத்தேன், குடுத்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, மேல அச்சடிச்ச எழுத்து கூட அழியல. ஆயாம்மா கிட்ட கேட்டா "டெய்லி குளிக்க வைக்கிறோம்மா"ன்னுதான் பதில். பேஸ்ட், எண்ணெய் பாட்டில், பவுடர் எல்லாத்துக்கும் இதே மாதிரி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, அடுத்த தடவை ஒப்பிட்டுப் பாருங்க. டயப்பர் இன்னும் சுலபம். 10 பீஸ் பாக்கெட் ஒரு வாரம் வருதுன்னா ஒரு நாளைக்கு ஒண்ணரை, அது யாருக்கும் பத்தாது, குறைஞ்சது மூணு நாலு மாத்தணும். பாக்கெட் மட்டும் வேகமா தீருது, ஆனா எப்ப போனாலும் ஊறிப்போய்தான் இருக்குன்னா அது வேற யாருக்கோ போகுது.

பெரியவங்களையும் கேளுங்க, ஆனா "குளிச்சீங்களா"ன்னு கேக்காதீங்க. எல்லாரும் "ஆச்சு"ன்னுதான் சொல்வாங்க, ஹோம் ஆளு பக்கத்துல நின்னா கேக்கவே வேணாம். "கடைசியா தலைக்கு ஊத்தினது யாரு, வெந்நீரா பச்சைத்தண்ணியா"ன்னு கேளுங்க. பதில் தானா வரும். ஞாபகமறதி இருக்கறவங்க சொல்றதை மட்டும் வச்சு சண்டைக்கு போகாதீங்க, உடம்புல தெரியறதோட சேத்து பாருங்க.

எதெல்லாம் கவனிப்பு இல்லாததுன்னு சொல்ல முடியாது

தினமும் தலைக்கு ஊத்தணும்னு அவசியம் இல்ல, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை நல்லா குளிக்க வச்சு மத்த நாள்ல முகம், கை, இடுக்கு எல்லாம் ஈரத்துணியால துடைச்சு விட்டா போதும். டிமென்ஷியா வந்தவங்க தண்ணியை பாத்தாலே பயந்து அடிக்க வருவாங்க, அன்னைக்கு குளிக்கலன்னா யாரையும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா சாயங்காலம் திரும்ப முயற்சி பண்ணாங்களா, நோட்டுல எழுதினாங்களான்னு கேக்கலாம். ஒரு நாள் கறை பட்ட நைட்டி ஒண்ணுமில்ல. வாரா வாரம் அதே கறை, அதே நைட்டின்னா விஷயம் இருக்கு. கடலோரம் போர் தண்ணி உப்பு, மெட்ரோ வாட்டரை நம்பித்தான் ஓடுது, லாரி வரலன்னா என்ன பண்ணுவீங்கன்னு சேக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. ஆயாம்மாக்களை திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஒருத்தங்களே அத்தனை பேரை தூக்கி இறக்கினா யாரா இருந்தாலும் சலிச்சுப்போகும், ஆள் போடாத ஓனரைத்தான் கேக்கணும்.

யார்கிட்ட போறது

முதல்ல டூட்டி சிஸ்டர் கிட்ட சொல்லுங்க, சொன்னதை தேதியோட வாட்ஸ்ஆப்ல ஓனருக்கும் அனுப்பிடுங்க, வாயால சொன்னது காத்தோட போயிடும். போட்டோ எடுக்கும்போது அவங்களை கேட்டுட்டு எடுங்க, குடும்ப குரூப்ல போடாதீங்க, புண்ணுக்கு பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு எடுத்தா அளவு தெரியும். ஒரு வாரம் பாத்தும் மாறலன்னா 14567, முதியோர் உதவி எண், காலையில 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும், காசு இல்ல. கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலர் கிட்ட மனுவும் குடுக்கலாம், பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டம் 2007லயே வந்தாச்சு, மனுவுல அதை குறிப்பிட்டு எழுதுங்க, நகலுக்கு சீல் வாங்கிக்கங்க.

புண்ணுல சீழ் வாடை, உள்ள எலும்பு தெரியறது, காய்ச்சல், எழுப்பினா எழுந்திரிக்காம இருக்கறதுன்னு இதுல ஒண்ணு இருந்தாலும் மனு எல்லாம் அப்புறம், 108க்கு போன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. அங்க கேஸ் ஷீட்ல புண்ணு எங்க, எவ்வளவு பெருசு, வரும்போதே இருந்துச்சுன்னு டாக்டரை எழுதச் சொல்லுங்க.