கடுவன் பூனையின் நீரடைப்பும் மற்ற சிறுநீர்க் கோளாறுகளும்: வீட்டில் கவனிக்க வேண்டியவை

வீட்டில் வளரும் கடுவன் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் இறங்காமல் எழுந்து வந்து, சற்று நேரத்தில் மறுபடியும் அங்கேயே போய் உட்காருமானால், அது இரவு பத்து மணியானாலும் அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மற்றவற்றைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். இதை மட்டும் இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் வளரும் நான்கு வயதுக் கடுவனுக்கு ஒரு மார்கழி மாதத்தில் இது நேர்ந்தது. முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்றே நினைத்தோம். மறுநாள் காலை காட்டிய இடத்திலும் வயிறு இளகுவதற்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அன்று மாலை அது வாந்தியெடுத்துத் துவண்டுவிட்டது. 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த மருத்துவர் வயிற்றைத் தொட்டவுடனே சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம்போல் கெட்டியாக இருப்பதைக் கண்டு சொன்னார். பிழைத்துவிட்டது; ஆனால் இன்னும் ஓர் இரவு தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நீளமானது. நுனிக்குப் போகப் போக மிகவும் குறுகிவிடும். படிகத் துகள்களும், சளி போன்ற கசிவும், வீங்கிய சவ்விலிருந்து உதிரும் செல்களும் சேர்ந்து அந்த நுனியை அடைத்துவிடுகின்றன. சிலவற்றில் சிறு கல்லே போய்ச் சிக்கிக்கொள்ளும். வெளியேற வழியில்லாத சிறுநீரின் அழுத்தம் சிறுநீரகம் வரை எட்டி, கழிவுகள் இரத்தத்திலேயே தங்குகின்றன. அவற்றுள் உயிருக்கு உலை வைப்பது பொட்டாசியம். அதன் அளவு ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும். முழு அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் பூனை இறந்துவிடக்கூடும். பெட்டைப் பூனையின் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அதற்கு அடைப்பு அரிதாகவே வரும். ஆனால் நீர்க்கடுப்பும் கல்லும் இரண்டுக்கும் பொது.

மலச்சிக்கலா நீரடைப்பா என்று ஐயம் வந்தால் நீரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் ஈரக் கட்டி ஏதும் இல்லாமை, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குதல், முக்கும்போது அடித்தொண்டையில் கத்துதல், குளியலறைத் தரையிலும் வாஷ்பேசினிலும் போய் உட்கார்ந்து பார்த்தல், தூக்கினால் சீறுதல் ஆகியவை சிறுநீர்க் கோளாறின் பக்கமே சுட்டுகின்றன. சாப்பிட மறுப்பதும் வாந்தியும் சேர்ந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். வயிற்றை அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற ஒருபோதும் முயல வேண்டாம். உப்பிய நீர்ப்பை வெடித்துவிடக்கூடும்.

நம் ஊரில் கல்லடைப்பு என்றதும் வாழைத்தண்டுச் சாறும், நெருஞ்சில் கஷாயமும், பார்லித் தண்ணீரும் நினைவுக்கு வரும். அடைப்பு உள்ள பூனைக்கு இவற்றைப் புகட்டுவது, மதகு அடைபட்ட ஏரியில் மேலும் நீர் விடுவதற்கு ஒப்பாகும். வலிக்கு இரங்கி பாரசிட்டமால் கொடுப்பது அதைவிடக் கொடுமையானது. அந்த மருந்தைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால் ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். ஐபுப்ரோஃபென் முதலிய மனிதர்களுக்கான மற்ற வலிமருந்துகளும் வேண்டாம்.

புறப்படும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பூனைக்குக் கத்தீட்டர் (சிறுநீர் வழியில் செருகும் மெல்லிய குழாய்) போடும் வசதி இருக்கிறதா, இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பார்களா? எல்லாக் கிளினிக்குகளிலும் இவை இருப்பதில்லை. புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் இப்பகுதியின் கால்நடை மருத்துவக் கல்லூரி. அங்கு எந்த நேரத்தில், எந்த வகைச் சிகிச்சை கிடைக்கும் என்பதைப் பூனை நலமாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது சாலைகளெல்லாம் வெள்ளக்காடாயின. அப்படி ஒரு நாளில் உங்கள் பூனைக்கு அடைத்துக்கொண்டால் நடந்தே போகக்கூடிய தொலைவில் யார் இருக்கிறார் என்பதை ஐப்பசிக்கு முன்பே அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து, டிரிப்ஸ் ஏற்றி, மயக்க மருந்து கொடுத்துக் கத்தீட்டரால் அடைப்பை நீக்குவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளோ மூன்று நாளோ அதை உள்ளேயே விட்டுவைப்பதுண்டு. அடைப்பு நீங்கியபின் சிலவற்றுக்குச் சிறுநீர் ஏராளமாக வெளியேறி உடல் வறண்டுபோகும். எனவே டிரிப்ஸ் தொடர வேண்டியிருக்கும். செலவை நினைத்து முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று வற்புறுத்த வேண்டாம். வீடு திரும்பிய முதல் ஒரு வாரத்தில் மீண்டும் அடைப்பதற்கான வாய்ப்பு அதிகம். அடிக்கடி அடைக்கும் கடுவனுக்குக் குறுகிய நுனிப்பகுதியை நீக்கி வழியை அகலப்படுத்தும் அறுவைச் சிகிச்சை உண்டு. அது அடைப்பைத்தான் தடுக்குமே தவிர, நீர்ப்பை அழற்சியைத் தடுக்காது.

அடைப்பு இல்லாமல், அடிக்கடி போய்ச் சிறிது சிறிதாகவோ இரத்தம் கலந்தோ சிறுநீர் கழிக்கும் பூனைகளே எண்ணிக்கையில் அதிகம். பத்து வயதுக்கு உட்பட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கிருமியும் இராது, கல்லும் இராது. இதை இடியோபதிக் சிஸ்டைட்டிஸ் என்பார்கள். காரணம் இன்னதென்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாத நீர்ப்பை அழற்சி என்று பொருள். மன அழுத்தம் அதைத் தூண்டிவிடுகிறது. இது பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகவே தணிந்துவிடும். அந்த வாரத்தில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்தான் குணப்படுத்தியது என்று நாமும் நம்பிவிடுகிறோம். இளம் பூனைக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வலிக்கு மருத்துவர் தரும் மருந்து கட்டாயம் வேண்டும். பத்து வயதைக் கடந்த பூனையின் கதை வேறு. அவற்றுக்கும், நீரிழிவோ சிறுநீரக நோயோ உள்ளவற்றுக்கும் உண்மையான கிருமித்தொற்று வருவதுண்டு. அப்போது நீர்ப்பையிலிருந்து ஊசியால் நேரடியாக எடுத்த சிறுநீரைக் கல்ச்சர் செய்து, அதாவது அதிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்து, மருந்தைத் தேர்ந்தெடுப்பதே முறை.

கல் இருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயோ ஸ்கேனோ காட்டிவிடும். ஸ்ட்ருவைட் வகைக் கல்லை அதற்கென்றே செய்யப்பட்ட உணவால் சில வாரங்களில் கரைக்க முடியும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். கரைக்கும் உணவு கொடுக்கும் காலத்தில் வேறு எதையும், பாட்டி பாசத்தோடு போடும் ஒரு துண்டுக் கருவாட்டைக்கூட, கொடுக்கக் கூடாது.

இனி, வருமுன் காப்பது. என் அனுபவத்தில் இதில் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடுகிறது. ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 மில்லி வீதம், நான்கு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி நீர், உணவிலிருந்தும் குடிநீரிலிருந்தும் சேர்த்துத் தேவை. பாக்கெட்டில் வரும் உலர் உணவில் பத்து சதவீதம் அளவே ஈரம் உண்டு. பவுச்சில் வரும் ஈர உணவிலும் வேகவைத்த மீனிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரம்தான். தாகம் எடுத்துக் குடிக்கும் பழக்கம் பூனைக்கு இயல்பாகவே குறைவு என்பதால், சோற்றோடுதான் நீரை உள்ளே அனுப்ப வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து வரும் நெத்திலியையோ சங்கராவையோ உப்பு, மிளகாய், மஞ்சள் சேர்க்காமல் வேகவைத்து, முள் நீக்கி, அந்தச் சாற்றோடு கலந்து கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு என்பதால் குழம்பு மீனைக் கழுவிப் போடுவதும் கூடாது. தினமும் மீன் மட்டுமே போட்டாலும் சத்துக் குறைபாடு வரும். முழுச்சத்துள்ள பவுச் உணவோடு சேர்த்தே கொடுங்கள். பால் தண்ணீருக்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும். உலர் உணவை விடாத பூனைக்கு அதையே வெந்நீரில் ஊறவைத்து ஆறியபின் வைக்கலாம்.

தண்ணீர்ப் பாத்திரம் மீசை இடிக்காத அகலத்தில், சோற்றுத் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கட்டும். கத்திரி வெயிலில் மண்சட்டி நல்ல பலன் தருகிறது. கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உவர்க்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள்.

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டு வேண்டும். தட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த நெடி பூனையை விரட்டும், அதிலுள்ள பினால் அதற்கு நஞ்சும்கூட. சாதாரணச் சோப்பு போதும். நாற்றம் தாங்காமலோ, தட்டு வாஷிங்மெஷின் பக்கத்தில் இருப்பதாலோ பூனை சிறுநீரை அடக்கிக்கொள்ளும். அப்படித் தேங்குவதும் தீங்கே.

மன அழுத்தத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்து, வீட்டுச் சூழலைப் பூனைக்கு ஏற்றபடி மாற்றினாலே இந்த அழற்சி திரும்ப வருவது குறைவதைக் காட்டினார். நம் வீடுகளில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. பரண்மேல் ஏறிப் படுக்க ஓர் இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நேரம் தவறாத சோறு, தினம் கொஞ்சம் விளையாட்டு ஆகியவை போதும். தெருக் கடுவன் ஜன்னலில் வந்து உறுமினால் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் தாள் ஒட்டிவிடுங்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்கும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும், விருந்தினர் தங்கும்போதும் ஓர் அறையைப் பூனைக்கென்று ஒதுக்கி, தட்டையும் தண்ணீரையும் அங்கேயே வைத்துவிடுவது நல்லது. எடை கூடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போகாமல் கொழுத்த கடுவனுக்கே அடைப்பு அதிகம் வருகிறது.

கட்டியாகும் வகை மணலைப் பயன்படுத்தினால் ஈரக் கட்டிகளை எண்ணிவிடலாம். நலமாக உள்ள பூனைக்கு ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு கட்டிகள் விழும். எங்கள் வீட்டில் கூடத்தில் தொங்கும் நாட்காட்டித் தாளில் தினமும் காலையில் அந்த எண்ணைக் குறிக்கிறோம். இரண்டுக்குக் கீழே இறங்கினாலும், நெல்லிக்காய் அளவுக் கட்டிகள் ஏழெட்டு கிடந்தாலும், மருத்துவரை அழைத்த பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறோம்.