பிரிட்டனிலிருந்து ஊர் திரும்புகிறீர்களா? வரிப் பணத்தைக் கோட்டை விடாதீர்கள்

லண்டனிலோ மான்செஸ்டரிலோ சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் கடைசி மாதத்தில் சாமான் அனுப்புவதைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைப்பதைப் பற்றியும் கவலைப்படுவார்கள். வருமான வரி யாருக்கும் நினைவுக்கு வராது. சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்களே, அப்புறம் என்ன என்று இருந்துவிடுவார்கள். பிடித்தது அதிகமாக இருக்கும் என்பதுதான் விஷயம்.

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை. வருடத்துக்கு 12,570 பவுண்ட் வரை பெரும்பாலோருக்கு வரி கிடையாது. ஆனால் சம்பளம் போடும்போது இந்த விலக்கைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதம் ஒரு பங்குதான் தருகிறார்கள். மாதம் 3,000 பவுண்ட் வாங்குகிறவர் ஏப்ரல் முதல் ஆறு மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குப் பாதி விலக்குதான் கிடைத்திருக்கும், பிடித்த வரி 2,343 பவுண்ட். அந்த வருடம் அவருக்கு பிரிட்டனில் வேறு வருமானம் இல்லையென்றால் முழு விலக்கையும் கழித்துக் கட்ட வேண்டியது 1,086தான். மீதி 1,257 பவுண்ட் அவருடைய பணம்.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. இந்தப் பணம் கைக்கு வருவதற்குள் உங்கள் பிரிட்டன் முகவரி, கைபேசி எண், வங்கிக் கணக்கு, ஆபீஸ் மின்னஞ்சல் எல்லாம் ஒவ்வொன்றாகச் செயலிழந்துவிடும். எதை எப்போது மூடுவது என்று யோசிக்காமல் மூடுவதால்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

காகிதங்களைக் கையில் வாங்காமல் கிளம்புவது

வேலையை விடும்போது நிறுவனம் பி45 தரும். வரி ஆண்டு தொடங்கியதிலிருந்து எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரி என்று அதில் இருக்கும். தொலைத்துவிட்டால் நிறுவனம் இன்னொரு பி45 தராது. வந்த அன்றே ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டுகள் பல நிறுவனங்களில் ஆபீஸ் லாகினுக்குள்தான் கிடக்கின்றன. கடைசி வேலை நாள் மாலையோடு அந்தக் கதவு மூடிவிடும். எல்லா வருடத்துச் சீட்டுகளையும், ஒவ்வொரு ஏப்ரலுக்குப் பிறகும் தந்த, வருட மொத்தச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி60களையும், நிறுவனத்தின் காரோ மருத்துவக் காப்பீடோ இருந்திருந்தால் அந்தச் சலுகைகளைக் காட்டும் பி11டியையும் அதற்கு முன்பே இறக்கி வையுங்கள்.

நாட்டை விட்டுக் கிளம்பிய தேதிக்கான சான்றும் முக்கியம். பிரிட்டனை விட்டு வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். விமான டிக்கெட், போர்டிங் பாஸ், சென்னையிலோ திருச்சியிலோ இறங்கியபோது குத்திய முத்திரை, வீட்டு வாடகை ஒப்பந்தம் முடிந்ததற்கான கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கேட்காமலே வரும் என்று காத்திருப்பது

வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. வருடக் கடைசிக்குப் பிறகு தானாகவே கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்புவது உண்டு. அது நீங்கள் காலி செய்த வீட்டுக்குப் போகும், இப்போது அங்கே குடியிருப்பவர் அதைக் குப்பையில் போடுவார். அதனால் நாட்டை விட்டுக் கிளம்புவதைத் தெரிவிக்கும் பி85 படிவத்தை நீங்களே கொடுங்கள். நிரந்தரமாகக் கிளம்புகிறவர்களுக்கும், குறைந்தது ஒரு முழு வரி ஆண்டாவது வெளிநாட்டில் முழுநேர வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும் உரியது அது. ஆன்லைனில் அனுப்பலாம், அச்செடுத்துத் தபாலிலும் அனுப்பலாம். பி45இன் 2, 3ஆம் பகுதிகளையும் சேர்க்க வேண்டும்.

வருடா வருடம் தங்கள் வரிக் கணக்கைத் தாங்களே காட்டி 'செல்ஃப் அசெஸ்மென்ட்' தாக்கல் செய்கிறவர்களுக்கு பி85 வேண்டாம். அவர்கள் அந்தத் தாக்கலோடு எஸ்ஏ109 என்ற கூடுதல் படிவத்தைச் சேர்க்க வேண்டும். துறையின் சொந்த இணையதளத்தில் அந்தப் படிவத்தை நிரப்ப வழி இல்லை. காகிதத்தில் அனுப்பினால் அக்டோபர் 31க்குள், தனியார் மென்பொருள் வழியாக என்றால் ஜனவரி 31க்குள். தளத்தில் எஸ்ஏ109ஐத் தேடித் தேடி ஜனவரி வரை காலம் கடத்துகிறவர்கள் காகிதத்துக்கான தேதியைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொன்று: பி45 தந்த பிறகு வருகிற போனஸ், விடுப்புப் பணம். இவற்றுக்கு 0டி என்ற குறியீட்டில் வரி பிடிப்பார்கள். அதில் விலக்கே இல்லை, தொகை பெரிதாக இருந்தால் ஒரு பகுதிக்கு 40 சதவீதமும் விழும். பி45இல் இந்தத் தொகை இருக்காது என்பதால் அதற்கான சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

வங்கிக் கணக்கையும் சிம்மையும் அவசரமாக மூடுவது

பணத்தை பிரிட்டன் வங்கிக் கணக்கில் வாங்கலாம், இல்லையென்றால் காசோலையாக. பவுண்ட் காசோலை நம் ஊருக்கு வந்து சேர்ந்தாலும் அதை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வங்கிக் கணக்கை வரிப் பணம் வரும்வரை வைத்திருங்கள். அது முடியாதென்றால், அங்கேயே இருக்கும் நம்பகமான உறவினர் பெயருக்கு அனுப்பச் சொல்லிப் படிவத்திலேயே எழுதலாம்.

வரித்துறைத் தளத்துக்குள் நுழையும்போது உங்கள் பிரிட்டன் எண்ணுக்குத்தான் குறியீடு வரும். சிம்மைத் தூக்கிப்போட்ட பிறகு கடவுச்சொல் சரியாக இருந்தும் பயனில்லை. கிளம்பும் முன் அதை, சிம் இல்லாமலே கைபேசியில் குறியீடு தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

கார் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. விற்றதை வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்தால் மீதமுள்ள முழு மாதங்களுக்கான சாலை வரி திரும்பும். தகவல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு. வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியிலும் கூடுதலாகக் கட்டியதைக் கேட்டு வாங்கலாம்.

கிடைக்காததைக் கேட்பது, கிடைப்பதற்குக் கமிஷன் கொடுப்பது

அரசு ஓய்வூதியம் போன்றவற்றுக்காக நேஷனல் இன்ஷூரன்ஸ் என்று சம்பளத்தில் பிடித்த பணம் ஊர் திரும்புகிறோம் என்பதற்காகத் திரும்ப வராது. பத்து வருடத் தகுதி இருந்தால் பின்னாளில் அரசு ஓய்வூதியம் கிடைக்கும். ஆனால் இந்தியாவில் வாழ்கிறவர்களுக்கு அது வருடா வருடம் உயராது, முதலில் தொடங்கிய தொகையிலேயே நிற்கும். நிறுவன ஓய்வூதியத்தையும் 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது, 2028 ஏப்ரல் 6 முதல் அது 57. இப்போதே எடுத்துத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். அப்படி எடுத்த பணத்துக்கு 55 சதவீதம் வரை வரி விழும், அதையும் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

வரியைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் எடுக்கும் கமிஷன் சாதாரணமானதல்ல. அவர்கள் நிரப்புவதும் இதே இலவசப் படிவம்தான். உங்கள் வருமான வரித் தொகையை அப்படியே அவர்கள் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தங்கள் 2023 மார்ச் 15 முதல் செல்லாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'உங்களுக்கு வரிப் பணம் காத்திருக்கிறது' என்று வரும் குறுஞ்செய்தி எச்.எம்.ஆர்.சி. அனுப்பியதாக இருக்காது.

இந்தியப் பக்கத்தை மறப்பது

நம் நிதியாண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஐந்து நாள் வித்தியாசம்தானே என்று இரண்டு நாட்டுக் கணக்கையும் ஒன்றாகப் போட்டால் தேதிகள் குழம்பும். இங்கே 182 நாள் இருந்தால் வரிக்கு நீங்கள் இந்தியவாசி. முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்திருந்தால், நிரந்தரமாகத் திரும்பும் வருடத்தில் 60 நாளே போதும். அடிக்கடி ஊருக்கு வந்து போனவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்து நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீண்ட காலம் வெளியே இருந்தவர்களுக்கு 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்ற இடைநிலை கிடைக்கலாம். கடந்த பத்து வருடங்களில் ஒன்பது வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்ததோ, கடந்த ஏழு வருடங்களில் இந்தியாவில் 729 நாளுக்கு மேல் இல்லாததோ அதற்குத் தகுதி. இதில் இருக்கும்வரை பிரிட்டன் சேமிப்பின் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அது முடிந்ததும் அங்கே வரியே இல்லாத ஐ.எஸ்.ஏ. என்ற சேமிப்புக் கணக்கின் வருமானமும் இங்கே வரிக்கு உட்படும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான உங்கள் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகள் இருக்கும் வங்கியிலும் திரும்பி வந்ததைச் சொல்லிக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்கிறவர்களுக்கு: வரி ஆண்டு முடிந்ததிலிருந்து நான்கு வருடம் வரை கேட்கலாம். 2022-23இல் கிளம்பியவர்களுக்கு 2027 ஏப்ரல் 5 வரை நேரம் இருக்கிறது. பி45 கையில் இல்லையென்றால், அந்த வருடச் சம்பளமும் பிடித்த வரியும் குறிப்பிட்ட ஒரு கடிதத்தைப் பழைய நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் கேட்டு வாங்கி, பி85ஓடு சேர்த்து இங்கிருந்தே தபாலில் அனுப்பலாம்.