கப்பலில் இரைச்சலையும் அதிர்வையும் குறைப்பது எப்படி? தொடக்கநிலைப் பொறியாளர்களுக்கு ஒரு செய்முறை

கேபினில் தூங்க முடியவில்லை என்று புகார் வந்ததும் பலர் முதலில் தேடுவது கனமான இன்சுலேஷன் பலகையைத்தான். சுவருக்குள் இன்சுலேஷன் கம்பளியை (பஞ்சு போன்ற ஒலித்தடுப்புப் பொருள்) திணித்து, பேனலை மறுபடி பூட்டிப் பார்த்தால் இரைச்சல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அது காற்று வழியாக வந்திருந்தால் கம்பளி தடுத்திருக்கும். ஆனால் என்ஜின் அறையிலிருந்து சில தளங்கள் தள்ளியுள்ள கேபினுக்கு இரைச்சல் பெரும்பாலும் எஃகு வழியாகத்தான் ஏறி வருகிறது. மேஜையின் ஒரு முனையில் மெல்லத் தட்டி, மறு முனையில் காதை வைத்துக் கேளுங்கள், அதே கதைதான். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் இரைச்சல் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இந்தச் செய்முறை முழுவதும் அதற்காகத்தான்.

படி 1: முறையாக அளந்து எழுதுங்கள்

‘ரொம்பச் சத்தமாக இருக்கிறது’ என்பது அளவு ஆகாது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கப்பல் இரைச்சல் விதித்தொகுப்பு 2014 ஜூலை 1 முதல் கட்டாயமாக நடைமுறையில் இருக்கிறது. 1,600 மொத்த டன்னேஜும் (கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களுக்கு அது பொருந்தும். அதன்படி கேபினில் 60 டெசிபல் (ஏ) வரை இருக்கலாம். 10,000 டன்னேஜிலிருந்து வரம்பு 55. கப்பல் செலுத்தும் மேடையில் 65, என்ஜின் கட்டுப்பாட்டு அறையில் 75, என்ஜின் அறையில் 110. உங்கள் கப்பல் அதைவிடப் பழையது என்றாலும் இந்த எண்களையே இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் மீட்டரின் மைக்கைத் தரையிலிருந்து 1.2 முதல் 1.6 மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் பிடியுங்கள். ஓரிடத்தில் குறைந்தது 15 விநாடி அளவெடுங்கள். கதவு, ஜன்னல் மூடியிருக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்கும்போது, என்ஜின் வழக்கமான பயண வேகத்தில் ஓடும்போது அளப்பது நல்லது. மீட்டரை ‘ஏ’ அளவீட்டில் (காதைப் போலத் தாழ் ஒலியைக் குறைத்துக் கணக்கிடுவது) வைத்து ஒரு முறையும் ‘சி’ அளவீட்டில் (தாழ் ஒலியையும் ஏறக்குறைய முழுதாகக் கணக்கிடுவது) வைத்து ஒரு முறையும் அளந்து, இரண்டையும் எழுதுங்கள். ‘சி’ எண் ‘ஏ’ எண்ணைவிட வெகுவாக அதிகமாக இருந்தால், ஆழ்ந்த உறுமல் போன்ற தாழ் அதிர்வெண் இரைச்சல் அங்கே இருக்கிறது. அந்த இரைச்சலிடம் மெல்லிய கம்பளி எடுபடாது.

படி 2: யார் உறுமுகிறார்கள்?

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதற்கே உரிய அதிர்வெண் உண்டு. அதைத் தாளில் கணக்கிட்டுவிடலாம். நிமிடத்துக்கு 90 சுற்று சுழலும், நான்கு இதழ் கொண்ட ப்ரொப்பெல்லர் என்றால் 90 × 4 ÷ 60 = 6 ஹெர்ட்ஸ். 720 சுற்றில் ஓடும் ஜெனரேட்டரின் சுழற்சி 12 ஹெர்ட்ஸ். அது ஆறு சிலிண்டர், நான்கு வீச்சு என்ஜின் என்றால் எரிப்பு அதிர்வெண் 720 × 6 ÷ 120 = 36 ஹெர்ட்ஸ். இப்படி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, கேபின் தளத்தில் அதிர்வு மீட்டர் காட்டும் உச்சங்களை அதோடு ஒப்பிடுங்கள்.

மீட்டர் இல்லையா? அடுத்த ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு, இப்போது ஓடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறுபாடு உடனே தெரியும். பிறகு பிரதான என்ஜினின் சுற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் மேஜை, அலமாரி எல்லாம் துள்ளி எழுந்தால் அது ஒத்ததிர்வு, அதாவது இயந்திரத்தின் அதிர்வெண்ணும் தளத்தின் தகடு தானாக அதிரும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டன. அதற்குத் தடுப்புப் போட்டுப் பயனில்லை. அந்தத் தகட்டுக்கு வலுவூட்டும் சட்டம் கொடுத்து அதன் இயல்பு அதிர்வெண்ணை நகர்த்த வேண்டும், அல்லது அந்தச் சுற்றைத் தவிர்க்க வேண்டும்.

படி 3: எஃகுப் பாலத்தைத் தேடுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டரின் அடியில் குனியுங்கள்.

முதலில் ரப்பர் மவுண்ட், அதாவது அதிர்வு கீழே இறங்காமலிருக்க இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர் தாங்கி. எண்ணெயில் ஊறி உப்பியிருக்கிறதா? அடுக்கடுக்காகப் பெயின்ட் பூசிக் கெட்டித்துவிட்டதா? பக்கத்தில் இருக்கும் தடுப்பு போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையவில்லை என்றால், எஃகு எஃகைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதிர்வு கடந்துபோகும் எஃகுப் பாலம் அதுதான். அப்போது மவுண்ட் இருந்தும் இல்லாதது போலத்தான்.

அடுத்து குழாய்கள். என்ஜினைக் குளிர்விக்கும் நீர்க் குழாயில் அழகான நெகிழ் இணைப்பு இருக்கும். ஆனால் அதற்கு முன்னாலேயே, அதாவது என்ஜின் பக்கத்திலேயே, குழாயைத் தளத்தோடு இறுக்கிய கிளாம்ப் ஒன்று இருக்கும். அதிர்வு அந்தக் கிளாம்ப் வழியாகவே இறங்கிவிடும். கிளாம்பை நெகிழ் இணைப்புக்கு அப்பால் நகர்த்துங்கள், அல்லது ரப்பர் வைத்த கிளாம்பாக மாற்றுங்கள். புகைக்குழாயின் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான நெகிழ் இணைப்பு), இழுத்துக் கட்டிய மின்கேபிள், தரைத்தகடு என்ஜினை உரசும் இடம் ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

மவுண்ட் சரியான வகைதானா என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு உண்டு. எடை ஏறியதும் மவுண்ட் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் 7.9 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன 36 ஹெர்ட்ஸ் விசையில் சுமார் 5 சதவீதம் மட்டுமே கீழே இறங்கும். 12 ஹெர்ட்ஸ் விசையிலோ முக்கால் பங்கு இறங்கிவிடும். 10 மி.மீ. அமுங்கும் மவுண்டில் அதே 12 ஹெர்ட்ஸ் விசையில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கும். உண்மையான ரப்பர் இயக்கத்தில் இன்னும் விறைப்பாக இருப்பதால் பலன் இதைவிடச் சற்றுக் குறையும்.

படி 4: மூலத்தைக் கவனியுங்கள்

இன்ஜெக்டர் எரிபொருளைச் சீராகத் தெளிக்கிறதா, தண்டு நேர்கோட்டில் இருக்கிறதா, விசிறி சமநிலையில் சுழல்கிறதா என்று பாருங்கள். பின்தளத்தில் சரளை கொட்டுவது போலச் சத்தம் கேட்டால் ப்ரொப்பெல்லரில் குமிழ்வெடிப்பு (இதழைச் சுற்றி நீராவிக் குமிழ்கள் உருவாகி நொறுங்குவது) இருக்கலாம். இதழின் விளிம்பு சிதைந்திருக்கிறதா என்று அடுத்த முறை கப்பல் உலர்துறையில் ஏறும்போது பாருங்கள்.

படி 5: இப்போது இன்சுலேஷன்

காற்று வழி இரைச்சல் மிச்சமிருந்தால் மட்டுமே இதற்கு வாருங்கள். முதலில் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். கேபிள் நுழையும் துளையையும் கதவின் ரப்பர் விளிம்பையும் விட்டுவிட்டுச் சுவரைத் தடிமனாக்குவது வீண் செலவு. தளத்துக்கு மிதக்கும் தரை (எஃகின் மேல் மென்மையான அடுக்கில் தங்கும் தரை) போட்டால், அதன் விளிம்பு எங்கும் எஃகுச் சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் படி 3-இல் கண்ட பாலம் மறுபடி முளைக்கும்.

பலவற்றில் எதை முதலில் சரிசெய்வது என்று தடுமாற வேண்டாம். டெசிபல் எண்களைச் சாதாரண எண்களைப் போலக் கூட்ட முடியாது: 70 டெசிபலும் 60 டெசிபலும் சேர்ந்தால் 70.4 தான். சிறியதை முழுவதுமாக நிறுத்தினாலும் காது அறியாது. பெரியதையே பிடியுங்கள்.

படி 6: மறுபடி அளவெடுங்கள்

அதே இடம், அதே சுற்று, அதே மீட்டர். அதிர்வுக்கு, பணியாளர் கேபினில் அதிர்வின் வேகம் விநாடிக்கு 3 மி.மீ.க்குக் கீழே வந்தால் புகார் வர வாய்ப்புக் குறைவு என்றும், 6-ஐத் தாண்டினால் வரும் என்றும் 2000-ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ 6954 தரநிலை வகுத்திருந்தது. முன்னும் பின்னும் எடுத்த எண்களை ஒரே தாளில் எழுதி, எந்த மாற்றத்துக்குப் பின் எவ்வளவு குறைந்தது என்று குறியுங்கள். அடுத்து வரும் பொறியாளர் அங்கிருந்து தொடங்கலாம். வேலை முடியும் வரை, 85 டெசிபலைத் தாண்டும் எந்த இடத்துக்கும் காதுக்காப்பு இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். போன செவித்திறன் திரும்ப வராது.