டிஎஸ்3231 மாட்யூலில் சிஆர்2032 போடுவதற்கு முன்

இசட்எஸ்-042 என்று அச்சிட்ட மலிவு விலை டிஎஸ்3231 கடிகார மாட்யூலை 5 வோல்ட்டில் ஓட்டப்போகிறீர்களா? சிஆர்2032 பேட்டரி போடுவதற்கு முன் கண்ணாடி டையோடுக்குப் பக்கத்தில் "201" என்று குறித்திருக்கும் குட்டி ரெசிஸ்டரைக் கழற்றிவிடுங்கள். சால்டரிங் அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயம் எடுத்து இரு முனைகளையும் ஒருசேரச் சூடாக்கினால் நகர்ந்து வந்துவிடும். "472" என்றிருப்பவற்றைத் தொட வேண்டாம், அவை ஐ2சி புல்-அப், அதாவது மாட்யூல் மைக்ரோகன்ட்ரோலரோடு பேசும் சிக்னல் கம்பிகளை உயர் வோல்ட்டேஜில் நிறுத்தி வைக்கும் ரெசிஸ்டர்கள்.

அந்த 200 ஓம் ரெசிஸ்டரும் டையோடும் சேர்ந்ததுதான் சார்ஜ் பாதை. 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரிக்கு 4.4 வோல்ட் அளவுக்குப் போகும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றவே கூடாத 3 வோல்ட் பேட்டரி; உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032-க்கே 4.2 வோல்ட்தான் உச்சவரம்பு, ஆகவே அதைப் போட்டாலும் 5 வோல்ட்டில் நிம்மதி இல்லை.

கழற்றியதும் பேட்டரி இல்லாமல் மின்சாரம் கொடுத்து, ஹோல்டர் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாதை இன்னும் துண்டிக்கப்படவில்லை.

மாட்யூலுக்கு எப்போதும் 3.3 வோல்ட் மட்டுமே கொடுப்பவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. டையோடைத் தாண்டி 2.7 வோல்ட் அளவே வருவதால் புது சிஆர்2032-க்குச் சார்ஜ் ஏறாது.