பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணப் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் புதிதாகப் பழகும் சிலரோடு உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். விழும் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மதிப்பைக் கூட்டிக்கொண்டே போகும் ஹை-லோ முறையில் 2 முதல் 6 வரை +1, 7, 8, 9க்குப் பூஜ்யம், பத்து, படச்சீட்டு, ஏஸ் எல்லாம் −1 என்பது அரை மணி நேரத்தில் யாருக்கும் வந்துவிடும், அதனால் கூட்டலில் பிசகுவதைப் பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. நன்றாக எண்ணத் தெரிந்தவர்களும் விடாமல் செய்கிற தவறுகள்தான் இவை.

அட்டவணையை வரிசையாக ஒப்பிப்பது

எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிற்பது என்று சொல்லும் பேசிக் ஸ்ட்ராட்டஜி அட்டவணையை மேலிருந்து கீழே கேட்டால் கடகடவென்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கையில் ஏஸும் 7ம் வந்து, டீலர் பக்கம் 9 தெரிந்தால் 'பதினெட்டு இருக்கே, போதும்' என்று நின்றுவிடுகிறார்கள். அங்கே இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும். 12ஐ வைத்துக்கொண்டு டீலரின் 2க்கும் 3க்கும் எதிரே நிற்பதும் இப்படித்தான், 4, 5, 6க்கு மட்டுமே நிற்கலாம். கட்டிலிருந்து சும்மா இரண்டிரண்டாக எடுத்துப் பழகினால் இந்த மாதிரிக் கைகள் அபூர்வமாகத்தான் வரும். ஒரு ஏஸை எடுத்து மேசையில் நிரந்தரமாக வைத்துவிட்டு, மற்ற சீட்டையும் டீலரின் சீட்டையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ட்ரூ கவுண்ட் போடாமல் பந்தயத்தை ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் எண்ணப் பழகப் பட்ட பாடு மொத்தமும் இந்த ஓர் இடத்தில் வீணாகிறது. ஆறு கட்டு ஆட்டம் பழகிக்கொண்டிருந்த ஒருவர், முதல் சில சுற்றுகளிலேயே சின்னச் சீட்டுகளாக விழுந்து எண்ணிக்கை +6க்கு வந்ததும், குறைந்தபட்சப் பந்தயத்திலிருந்து நேரே எட்டு மடங்குக்குத் தாவினார். எண்ணியதில் தப்பே இல்லை, ஒரு சீட்டைக்கூட விடவில்லை. ஆனால் அப்போது வெளியே வந்திருந்தது ஒரே ஒரு கட்டு, ஷூவுக்குள், அதாவது சீட்டுகளை எடுத்துப் போடும் பெட்டிக்குள், இன்னும் ஐந்து கட்டு இருந்தது. சின்னச் சீட்டுகளைவிட ஆறு பெரிய சீட்டுகள் கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆறும் 260 சீட்டுகளுக்குள் எங்கேயோ கிடக்கின்றன. எண்ணிக்கையை மிச்சமிருக்கும் கட்டுகளால், அதாவது ஆறை ஐந்தால், வகுத்தால் ஒன்றும் சொச்சமும், அதுதான் ட்ரூ கவுண்ட்.

இதைப் பணமாகப் பாருங்கள். நல்ல விதிகள் உள்ள மேசையில் பேசிக் ஸ்ட்ராட்டஜியைப் பிசகாமல் ஆடினாலும் கேசினோவுக்குச் சுமார் 0.5 சதவீதம் சாதகம் உண்டு. ட்ரூ கவுண்ட் ஒரு புள்ளி ஏறினால் ஏறக்குறைய 0.5 சதவீதம் நம் பக்கம் வரும். அப்படியென்றால் +1 என்பது வெறும் சமநிலை. லாபமே இல்லாத இடத்தில் எட்டு மடங்கு பணத்தை வைத்தார் அவர்.

அதே +6, ஒன்றரைக் கட்டு மிச்சமிருக்கும்போது வந்தால் ட்ரூ கவுண்ட் +4. பந்தயத்தை ஏற்ற வேண்டிய இடம் அதுதான். அன்றைக்கு அந்த ஷூவின் கடைசியில் அப்படியே வந்தது. அதற்குள் சில்லுகளில் பாதியைத் தொலைத்திருந்த அவர், பயந்துபோய் ஒற்றைச் சில்லு வைத்தார்.

வகுத்தல் யாருக்கும் கஷ்டமில்லை, மிச்சம் எத்தனை கட்டு என்று கண்ணால் அளக்கப் பழகாததுதான் கோளாறு. ஆடி முடித்த சீட்டுகள் போகும் தட்டைப் பாருங்கள். அதில் எத்தனை கட்டு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், மொத்தத்திலிருந்து கழித்துவிடலாம். வீட்டில் ஆறு கட்டுகளை ஒன்றாகச் சேர்த்து, கைக்கு வந்தபடி ஒரு கொத்து எடுத்து, பக்கவாட்டில் பார்த்து எத்தனை கட்டு என்று சொல்லுங்கள், அப்புறம் எண்ணிச் சரிபாருங்கள். அரைக் கட்டு, அதாவது 26 சீட்டு வித்தியாசத்துக்குள் சொல்ல வரும்வரை பந்தயத்தை ஏற்றும் பயிற்சிக்கே போகாதீர்கள். வகுத்த பிறகு பின்னம் வந்தால் கீழேயே தள்ளிவிடுங்கள்.

வேகத்தை மட்டும் அளப்பது

ஒரு கட்டை 30 நொடிக்குள் எண்ணுவது நல்ல இலக்கு. ஆனால் முழுக் கட்டும் கடைசியில் பூஜ்யத்தில்தான் முடியும் என்பது முன்பே தெரியும் என்பதால், மனம் தானாகவே அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு சீட்டைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்துவிட்டு மீதி 51ஐ எண்ணுங்கள். +1இல் முடிந்தால் கவிழ்ந்திருப்பது பத்து மதிப்புச் சீட்டு அல்லது ஏஸ், −1 என்றால் சின்னச் சீட்டு. திருப்பிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். சீட்டுகளை ஒவ்வொன்றாக அல்ல, ஜோடியாகப் பாருங்கள்: ராஜாவும் 5ம் சேர்ந்து வந்தால் ஒன்றும் மாறவில்லை, அடுத்ததுக்குப் போகலாம்.

இன்சூரன்ஸ்

டீலர் பக்கம் ஏஸ் தெரியும்போது, அவருக்கு பிளாக்ஜாக் வரும் என்று தனியாக வைக்கும் பந்தயம் இது. ட்ரூ கவுண்ட் +3க்குக் கீழே தொடவே தொடாதீர்கள், உங்கள் கையிலேயே பிளாக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும்) இருந்தாலும் சரி.

பிளாக்ஜாக்குக்கு 5 வைத்தால் 6 மட்டுமே தரும் (6:5) மேசை

உட்காராதீர்கள்.

போனிலோ கருவியிலோ எண்ணுவது

தலைக்குள் எண்ணுவது வேறு, கருவி வேறு. நெவாடாவில் 1985 முதல் கருவி வைத்து எண்ணுவது குற்றம்.

ஒவ்வொரு கைக்கும் கலைக்கும் ஆட்டத்தில் எண்ணுவது

கணினியே சீட்டுப் போடும் ஆன்லைன் மேசைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் முழுக் கட்டும் புதிதாகக் கலைக்கப்படும், போன கையில் வந்தது இந்தக் கைக்கு எதையும் சொல்லாது. ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் உள்ளே தள்ளிக் கலைக்கும் இயந்திரம் உள்ள மேசையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பேசிக் ஸ்ட்ராட்டஜி பழக, பணம் வைக்காமல், அவை தாராளமாகப் போதும். எண்ணப் பழக நிஜச் சீட்டுக் கட்டுகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.