மண்ணுக்கேற்ற உளவியல் வினாநிரல் அமைப்பது எப்படி?

குடியாத்தத்து நெசவாளர்களிடையே சாதனை நாட்டத்தை, அதாவது முன்னேற வேண்டும் என்ற உந்துதலை, அளக்க விரும்பும் ஆய்வு மாணவர், மேலைநாட்டு வினாநிரலை அப்படியே தமிழாக்கி எடுத்துச் செல்லலாகாது. தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, சீனர்களின் உளவியலை அவர்களுடைய வாழ்விலிருந்தே உருவாக்க முனைந்த யாங் குவோ-ஷூ (1932–2018), தன் விருப்பத்துக்காக முன்னேறுவதையும் குடும்பமும் ஊரும் மெச்ச முன்னேறுவதையும் இருவேறு நாட்டங்களாகக் கண்டார். ஆகவே முதலில் தறியருகே அமர்ந்து, ‘மானம்’, ‘பேரெடுப்பது’, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என அவர்கள் வாயில் வரும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றிலிருந்தே வினாக்களை அமைத்து, சிலரிடம் படித்துக்காட்டித் திருத்துங்கள். இதற்கே அதிக நாள் பிடிக்கும், பிடிக்கட்டும். 1989இல் தைவானின் மக்களாட்சிச் சீர்திருத்தத்துக்காகச் செங்ஷே அமைப்பைத் தொடங்கிய அறிஞர்களுள் ஒருவரான யாங், அதிகாரத்துக்குப் பணிதலையும் அளந்தார். அதைப் பற்றி இங்கே கேட்கும்போது, கூலி கொடுப்பவர் அருகில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.